சுவரும் வயரும்: ஏற்காட்டு வீடுகளில் பவர்லைன் அடாப்டரும் வைஃபை ரிப்பீட்டரும்

ஏற்காடு டவுனோ, நாகலூரோ, தலைச்சோலையோ, சேர்வராயன் மலையில் ஃபைபர் இணைப்பு எடுத்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். முன் ஹாலில் பறக்கிறது, பின் அறையில் படுத்துவிடுகிறது. இணைப்புக் கொடுக்க வந்தவர் முன்சுவரில் துளை போட்டு இழையை உள்ளே இழுத்து, முதலில் கண்ணில் பட்ட பிளக் பாயிண்ட் அருகிலேயே ரௌட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அதற்கு மேல் உள்ளே கொண்டுபோவது வீட்டுக்காரர் பாடு.

அப்படிக் கொண்டுபோகக் கடையில் கைக்கெட்டும் சாமான்கள் இரண்டு. ஒன்று வைஃபை ரிப்பீட்டர். அதன் வளர்ந்த வடிவம்தான் மெஷ். இன்னொன்று பவர்லைன் அடாப்டர். இது ஜோடியாக வரும். ஒன்றை ரௌட்டர் பக்கத்து பிளக்கில் செருகி, சிறு ஒயரால் ரௌட்டருடன் இணைக்க வேண்டும். மற்றதைப் பின் அறை பிளக்கில் செருகினால், வீட்டு மின் ஒயரே இணையத்தைச் சுமந்துவந்து அங்கே இறக்கும். மலை வீட்டுக்கு எது பொருந்தும் என்று கேட்டால், பெட்டியின் பிராண்டைப் பார்த்து யாரும் பதில் சொல்ல முடியாது. சுவருக்கு என்ன வயது, சுவருக்குள் ஓடும் ஒயருக்கு என்ன வயது என்ற இரண்டும் தெரிய வேண்டும்.

முதலில் சுவர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்து நட்டார். அதன் பின்னே எஸ்டேட் பங்களாக்கள் எழுந்தன. அவற்றில் பலவும், அவற்றைப் பார்த்துக் கட்டிய பழைய வீடுகளும், கருங்கல்லில் ஒன்றரை அடி, இரண்டு அடி கனத்தில் சுவர் வைத்தவை. சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட் என்ற அடர்ந்த வகை. வைஃபை அலைக்கு அப்படிப்பட்ட கல்சுவர் ஒன்றைத் தாண்டுவதே பாடு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தட்டுத் தடுமாறி உள்ளே போகும். வேகம் கூடுதலான 5 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் சுவரிலேயே பெரும்பகுதி நின்றுவிடும்.

ரிப்பீட்டர் என்பது வாசலில் நின்று ஹாலில் பேசுவதைக் காதில் வாங்கி, பின் அறைக்குத் திரும்பச் சொல்லும் ஆள். அவருக்கே சரியாகக் கேட்காத பேச்சை அவர் தெளிவாகச் சொல்லவே முடியாது. பின் அறையில் சிக்னல் இல்லை என்று ரிப்பீட்டரைப் பின் அறையிலேயே செருகுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கைபேசியில் கோடுகள் நிறையத் தெரியும், பக்கம் திறக்காது. அதை நடுவழியில், ரௌட்டர் சிக்னல் இன்னும் வலுவாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். கல்வீட்டில் அந்த நடுவழி இடத்துக்கும் பின் அறைக்கும் நடுவே இன்னொரு கல்சுவர் இருக்கும். விலை குறைந்த ரிப்பீட்டர்கள் கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒரே ரேடியோவைப் பயன்படுத்துவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். இரண்டு ரிப்பீட்டர் வைத்தால் பாதியில் பாதி.

மூடுபனி இறங்கினால் வைஃபை குறைகிறது என்று மலையில் சொல்வதுண்டு. வீட்டு வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளைப் பனித்துளி ஒன்றும் செய்வதில்லை. வீட்டைச் சுற்றிய சில்வர் ஓக்கும், அதன் மேல் ஏறிய மிளகுக்கொடியும், காபிச் செடிகளும் நனைந்து நிற்பதுதான் அலையை உறிஞ்சுகிறது. பங்களாவிலிருந்து அவுட்ஹவுஸுக்குத் தோட்டத்தின் ஊடாக வைஃபை அனுப்புகிறவர்களுக்கு மழைக்காலத்தில் அது நன்றாகவே தெரியும்.

அப்படியானால் கல்சுவரைச் சுற்றிக்கொண்டு போகும் பவர்லைன் அல்லவா சரி? சுவரை அது பொருட்படுத்துவதே இல்லை. ஒயரில் 50 ஹெர்ட்ஸில் ஓடும் 230 வோல்ட் மின்சாரத்தின் மேலேயே, 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையான நுண்ணிய சிக்னல்களை ஏற்றி அனுப்புகிறது. அந்தப் பரப்பை ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு அலைகளாகப் பிரித்து, எந்த அலையில் இரைச்சல் இருக்கிறதோ அதைத் தவிர்த்து, தெளிவான அலைகளில் அதிகம் ஏற்றுகிறது. 2005-இல் வந்த ஹோம்பிளக் ஏவி தரத்தின் வேலை இது. அடுத்து வந்த ஏவி2 தரம் 86 மெகாஹெர்ட்ஸ் வரை போனது. பேஸ், நியூட்ரல் ஆகியவற்றுடன் எர்த் ஒயரையும் சேர்த்து இரண்டு பாதையாகப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டது. ஜி.எச்.என் என்ற பெயரில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த தரமும் உண்டு. ஹோம்பிளக் வகையும் ஜி.எச்.என் வகையும் ஒன்றோடொன்று பேசாது. பழைய அடாப்டருக்கு ஜோடி வாங்கப் போகிறவர்கள் அட்டைப்பெட்டியில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். 600 என்று போட்ட அடாப்டர்கள் பலவற்றில் ஒயர் செருகும் ஓட்டை 100 எம்பிபிஎஸ் வகை. அதற்கு மேல் ஒரு துளியும் வெளியே வராது. அந்த 600 என்பதும் ஆய்வுக்கூட நிலையில் ஒயருக்குள் ஓடக்கூடிய மொத்தக் கணக்கு. பிழைதிருத்தமும் முறைவைத்துப் பேசும் நேரமும் அதிலேயே கழியும். உண்மையான வீட்டில் அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால்கூடப் புகார் சொல்ல முடியாது. வீடியோ பார்க்கவும், அலுவலகக் கூட்டத்தில் உட்காரவும், பிள்ளைகள் படிக்கவும் அது போதும்.

இனி ஒயருக்கு வருவோம். மலை வீட்டில் பவர்லைன் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். கல்சுவர் மாறாத வீடுகளில் பெரும்பாலும் ஒயரும் மாறியிருக்காது. மர ரீப்பர் மேல் கிளிப் அடித்து ஓட்டிய பழைய வயரிங், இடையிடையே அலுமினியக் கம்பி, தேவை வந்தபோதெல்லாம் ஒட்டுப்போட்டு டேப் சுற்றிய முடிச்சுகள், வருஷம் முழுக்க ஈரம் வாங்கிப் பச்சை பூத்த ஜங்ஷன் பாக்ஸ், எர்த் இல்லாத இரண்டு ஓட்டை பிளக்குகள். பல்பு எரிவதற்கு இந்த ஒயர் போதும். மெகாஹெர்ட்ஸ் சிக்னல் தளர்ந்த முடிச்சு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தேயும், கொஞ்சம் திரும்பி வரும். எர்த் இல்லாத இடத்தில் ஏவி2-வின் இரண்டாவது பாதையும் கிடையாது. ஆக, வைஃபை தோற்று பவர்லைன் தேவைப்படும் வீட்டில்தான் பவர்லைனுக்கு வேண்டிய ஒயர் இல்லை. டவுனில் புதிதாக எழும் கான்கிரீட் வீடுகளில் பைப்புக்குள் செம்பு ஒயரும் ஒழுங்கான எர்த்தும் உண்டு. பவர்லைன் அங்கே நன்றாகவே ஓடும். ஆனால் செங்கல் தடுப்புச்சுவர்கள் கொண்ட அந்த வீட்டில் நல்ல மெஷ் ஒன்றே வேலையை முடித்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை வீடு இருக்கிறது. பழைய பங்களாவை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ, கல்சுவரையும் ஓட்டுக்கூரையையும் அப்படியே வைத்துக்கொண்டு, வயரிங்கை மட்டும் முழுதாக மாற்றி ஹோம்ஸ்டே ஆக்கியவை. சுவர் பழசு, ஒயர் புதுசு. பவர்லைன் அடாப்டருக்கென்றே கட்டிவைத்த இடம் என்று நான் சொல்வது இதைத்தான். இங்கே வைஃபை ரிப்பீட்டரைவிட அது மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த வீட்டிலும் இரண்டு கண்ணி உண்டு. முதலாவது மூன்று பேஸ் இணைப்பு. அறைகளை மூன்று பேஸுக்குப் பிரித்திருப்பார்கள். ரௌட்டர் அறை ஒரு பேஸிலும் பின் அறை வேறு பேஸிலும் இருந்தால் இரண்டுக்கும் நேர்வழி இல்லை. அக்கம்பக்கத்தில் ஓடும் ஒயர்களுக்கு இடையே கசியும் சிக்னல்தான் போய்ச் சேரும். எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு பிளக்கையும் ஒரே பேஸுக்குக் கொண்டுவந்தால் தீரும். வழியில் இருக்கும் எம்சிபி, ஆர்சிசிபி எல்லாம் சிறிது சிக்னலை விழுங்கும். அதற்காக ஆர்சிசிபியைக் கழற்றச் சொல்லும் ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். உயிரைக் காக்கும் கருவி அது.

இரண்டாவது கண்ணி இன்வெர்ட்டர். காற்றுமழையில் ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தாலே கரண்டு போகும் ஊர் இது; இன்வெர்ட்டர் இல்லாத வீடு சிரமப்படும். இன்வெர்ட்டர் லைன் தனியாக ஓடுகிறது. ரௌட்டரை யாரும் அதில்தான் மாட்டுவார்கள். பின் அறை அடாப்டரோ சாதாரண ஈபி லைன் பிளக்கில் இருக்கும். கரண்டு இருக்கும்போது இன்வெர்ட்டருக்குள் உள்ள ரிலே வழியாகச் சிக்னல் தேய்ந்தாவது போகும். கரண்டு போனதும் பின் அறை அடாப்டருக்கு உயிரே இருக்காது. இரண்டு அடாப்டரையும் இன்வெர்ட்டர் லைனிலேயே வைப்பது ஒன்றுதான் வழி. அந்த இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருப்பது நல்லது. ஸ்கொயர் வேவ் வகை பேட்டரியில் ஓடும்போது லைனில் இரைச்சலைக் கொட்டும். இந்த இடத்தில் ரிப்பீட்டருக்கு ஒரு மார்க் கூடுதல். அதற்கும் இன்வெர்ட்டர் பிளக் வேண்டும்தான், ஆனால் எந்த லைன், எந்த பேஸ் என்ற கவலை கிடையாது.

இரைச்சல் என்றதும் சமையலறையைச் சொல்ல வேண்டும். மிக்ஸியின் மோட்டாரில் சுழலும் பாகத்தின் மேல் கார்பன் பிரஷ் உரசித் தேய்ந்தபடி இருக்கிறது. அங்கே எழும் தீப்பொறி பவர்லைன் பயன்படுத்தும் பரப்பு முழுக்கப் பரவும். சட்னி அரைக்கும்போது வீடியோ கால் உறைவது இதனால்தான். மலிவு எல்இடி பல்பு, போலி கைபேசி சார்ஜர், பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஆகியவையும் இதே வேலையைச் சத்தமில்லாமல் நாள் முழுக்கச் செய்கின்றன. மைக்ரோவேவ் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கும் தொல்லை வரும். ஆனால் 5-க்கு மாறித் தப்பிக்க வைஃபைக்கு வழி இருக்கிறது. பவர்லைனுக்கு மாற்று ஒயர் இல்லை.

அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும். ஸ்டெபிலைசர் வழியாகவோ, சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகவோ கொடுத்தால், இரைச்சலை வடிகட்ட வைத்த பாகம் சிக்னலையும் சேர்த்தே வடிகட்டிவிடும். இதனால் இடிக்கு அடாப்டரும் அதோடு ஒயரால் பிணைந்த ரௌட்டரும் கவசமில்லாமல் நிற்கின்றன. சித்திரை, வைகாசிக் கோடைமழையும் ஐப்பசி மழையும் இந்த மலையில் இடியோடு வருபவை. வானம் கறுத்தால் ரௌட்டர், அடாப்டர் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து உருவிவிடுவது நல்லது. ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

மின்கம்பியில் பேச்சை அனுப்பும் யோசனை நேற்று வந்ததல்ல. உயரழுத்தக் கம்பியிலேயே தொலைபேசிப் பேச்சையும் பாதுகாப்பு சிக்னலையும் அனுப்பும் பிஎல்சிசி முறை மின்வாரியங்களில் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. துணைமின் நிலையங்களில் கம்பி உள்ளே நுழையும் இடத்தில் தொங்கும் பெரிய உருளைச் சுருள், அந்த சிக்னலை வழிமாறவிடாமல் தடுப்பதற்கே. அதையே ஊர் முழுக்க பிராட்பேண்டாக விற்க அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மனாசஸ் நகரம் 2005-இல் முயன்று, 2010-இல் கைவிட்டது. அமெச்சூர் ரேடியோக்காரர்களின் எதிர்ப்பு ஒருபுறம், போதாத வருமானம் மறுபுறம். ஒரு கூரைக்குக் கீழே, ஒரு மீட்டருக்குப் பின்னே இருக்கும் வரை இந்த முறை நன்றாக உழைக்கிறது. அதைத் தாண்டினால் தள்ளாடுகிறது.

பல்ப்பர் ஷெட்டுக்கும், களத்துப் பக்கக் கேமராவுக்கும், லைன் வீடுகளுக்கும் பவர்லைன் போடக் கேட்பவர்களுக்கும் அதுவே பதில். அங்கே வேறு சர்வீஸ், வேறு மீட்டர், பெரிய மோட்டார். பவர்லைனும் வேண்டாம், ரிப்பீட்டரும் வேண்டாம். செம்பு ஒயரைக் கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே இழுப்பது இடியை விருந்துக்கு அழைப்பதற்குச் சமம். கண்ணாடி இழையை இழுத்து, இரு முனையிலும் மாற்றுப்பெட்டி வையுங்கள். அதில் மின்சாரம் ஓடாது, இடிக்கும் பயமில்லை.

பாதுகாப்புக்கு ஒரு வார்த்தை. ஒரே சர்வீஸில் பல குடித்தனம் இருந்தால் சிக்னல் அடுத்த வீட்டுக்கும் போகும். பெட்டியில் வரும்போது எல்லா அடாப்டருக்கும் ஒரே பொதுச் சாவி இருக்கலாம். இரண்டு அடாப்டரிலும் இருக்கும் ‘பேர்’ பட்டனை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் உங்களுக்கென்று தனிச் சாவி உருவாகும். மின்செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். ஆளுக்கு 3 வாட் என்று வைத்தாலும் இரண்டும் ஓயாமல் ஓடினால் இரண்டு மாத பில்லில் 9 யூனிட்டுக்குள் அடங்கும்.

கடைசியாக என் தீர்ப்பு. புது கான்கிரீட் வீடு என்றால் மெஷ் வாங்குங்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் மின் ஒயர் போகும் பைப்புக்கு விலகி இன்னொரு பைப் போட்டு, அறைக்கொரு கேட் 6 ஒயர் இழுத்துவிடுங்கள், இந்த இரண்டு சாமானும் தேவைப்படாது. கல்சுவரும் புது வயரிங்கும் என்றால் பவர்லைன். கல்சுவரும் பழைய வயரிங்கும் என்றால் அடாப்டருக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்து முதலில் எலக்ட்ரீஷியனுக்குக் கொடுங்கள்; இணையம் பிறகு வரட்டும், பச்சை பூத்த முடிச்சு தீப்பிடிக்கும். எதை வாங்கினாலும் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். அடாப்டரில் எரியும் பச்சை விளக்கைப் பார்த்துத் திருப்திப்படாமல், பின் அறையில் லேப்டாப்பை ஒயரால் இணைத்து, மிக்ஸியை ஓடவிட்டு, வீட்டு விளக்கையெல்லாம் போட்டு ஒருமுறையும், மெயின் ஸ்விட்சை அணைத்து இன்வெர்ட்டரில் ஒருமுறையும் வேகத்தைப் பாருங்கள். இரண்டிலும் தாக்குப்பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கெடு முடிவதற்குள் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.