மானிப்பாயில் முடிந்த வகுப்பும் வூஸ்டரிலிருந்து தொடர்ந்த வேலையும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன தவணை ஸ்மார்ட் போர்ட் பாவிப்பது பற்றிய இரண்டு நாள் செயலமர்வு ஒன்றுக்குப் போனேன். வளவாளர் நல்ல கெட்டிக்காரர், பொறுமையாகச் சொல்லித் தந்தார். கடைசியில், "ஸ்லைட், ரெக்கோர்டிங் எல்லாம் வட்சப் குரூப்பில் போடுறம்" என்றார்கள். சான்றிதழ் வாங்கினோம், குரூப் போட்டோ எடுத்தோம், வீட்டுக்கு வந்தோம். குரூப்பில் போட்டோ மட்டும் வந்தது.

மூன்று கிழமையில் எனக்கே பாதி மறந்துவிட்டது. துணுக்காய்ப் பக்கமிருந்து பஸ் கிடைக்காமல் அன்று வர முடியாமல் போன ஒருவர், "டீச்சர், அந்த ஸ்லைட் வந்துதா?" என்று இன்னும் கேட்கிறார். எங்கள் போர்டு துணி போட்டு மூடியபடி இருக்கிறது.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் அறிந்த ஒரு மனிதரின் ஞாபகம் வந்தது. வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டரில் பிறந்தவர். 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருடமே மானிப்பாயில் நோயாளரைப் பார்க்கவும், உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைநாட்டு மருத்துவம் படிப்பிக்கவும் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870இல்தான். அதற்கு இருபது வருடங்களுக்கு மேல் முந்தியது மானிப்பாய் வகுப்பு.

அவர் வந்தது மதம் பரப்பும் நோக்கத்தோடு. ஒரு முஸ்லிமாக எனக்கு அதில் வேறு கருத்து இருக்கிறது. அன்றைய யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கும் இருந்தது. ஆனால் இன்று நான் எழுத வந்தது அவருடைய ஆசிரியத் தொழிலைப் பற்றி.

முதலில் அவர் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்கள் நல்ல சம்பளத்துக்கு அரச வேலை தேடிப் போய்விடுகிறார்கள், கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருக்கிறார். தமிழில் படித்தால் தமிழ்க் கிராமங்களிலேயே வேலை செய்வார்கள் என்று நினைத்தார். 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். அவரிடம் 60 பேருக்கு மேல் வைத்தியர்களாகப் பயின்றார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழில் படித்தவர்கள்.

தமிழில் படிப்பிப்பதென்றால் இன்னொரு கேள்வியும் இருந்தது. வகுப்பு முடிந்து ஊருக்குப் போகிற மாணவன் கையில் எதைக் கொண்டுபோவான்? ஆங்கிலத்தில் படித்தவனுக்கு லண்டனிலிருந்தும் நியூயோர்க்கிலிருந்தும் புத்தகம் வரும். தமிழில் படித்தவனுக்கு அப்படி வராது. வகுப்பில் கேட்டதை மறந்தால் மறந்ததுதான். இடுப்பெலும்பு உடைந்து வந்தவர் முன்னால் நின்று ஞாபகத்தைக் கிளறிக்கொண்டிருக்க முடியாது.

அதனால் கிறீன் தமிழில் புத்தகங்களும் செய்தார். தனியாக அல்ல, தன் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு. மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள், அவர் திருத்துவார். ட்ரூயிற்றின் சத்திரசிகிச்சை நூல் 1867இல் 'இரண வைத்தியம்' ஆக வந்தது. இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆக வந்தது. பிரசவம் பற்றியும் நூல் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் என்ன வைப்பது என்று யோசித்துக் கலைச்சொற் பட்டியல்களையும் தொகுத்தார்கள். கிறீன் எழுதியதும் மேற்பார்த்ததும் எல்லாமாக நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் என்கிறார்கள்.

என்னை நிறுத்தி வைத்த இடம் இனித்தான் வருகிறது. 1873இல் உடல்நலம் குன்றி கிறீன் இலங்கையை விட்டு ஒரேயடியாகப் போய்விட்டார். செயலமர்வு முடிந்தது, வளவாளர் ஊருக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை இனி யார் கேட்கப்போகிறார்கள்?

அவர் நிறுத்தவில்லை. வூஸ்டரில் இருந்துகொண்டே வேலையைத் தொடர்ந்தார். அன்று மின்னஞ்சல் இல்லை, கப்பல் தபால்தான். 1875இல் இரசாயனவியல் நூல் 'கெமிஸ்தம்' என்ற பெயரில் வெளிவந்தது. 1883இல் உடற்றொழிலியல் நூல் 'மனுஷ சுகரணம்' ஆக வந்தது. அடுத்த வருடம், 1884இல், அவர் காலமானார். வகுப்பறையை விட்டுப் போய்ப் பத்து வருடங்களுக்குப் பிறகும் அந்த ஆசிரியர் தன் மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று தன் கல்லறையில் எழுதும்படி சொல்லி வைத்தவர் அவர். நாங்கள் இரண்டு நாள் செயலமர்வுக்கு ஒரு பென் டிரைவ் நிரப்பிக் கொடுக்க முடியாமல் இருக்கிறோம்.

இதில் எனக்குச் சொந்த வலியும் இருக்கிறது. என் வாப்பா முல்லைத்தீவு மாவட்டத்தில் ஆசிரியராக இருந்தவர். பயிற்சிக் கலாசாலையில் எழுதிய குறிப்புகளை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாராம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மா என்னைக் கையில் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் படிப்பித்த காலத்திலும் வாப்பா அந்தக் குறிப்புகளைத்தான் தேடுவார். அதற்கு வேறு பிரதி இருக்கவில்லை.

என்னோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர்களிடம் கேட்டால் 2009 கதையைச் சொல்வார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் புத்தகப் பையும் இல்லாமல் முகாமுக்கு வந்த கதை. அதற்கும் முன்னால் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். அவற்றோடு எரிந்த ஏடுகள் சிலவற்றுக்கு உலகில் வேறு பிரதியே இல்லை. 2005இல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கியவர்கள் கண்டதையெல்லாம் ஸ்கேன் செய்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்ததற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. ஒரே இடத்தில் இருக்கும் அறிவு எந்த நேரமும் அழியலாம் என்பதை எங்களைவிட யார் அறிவார்?

நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜின் பேருரையில், வந்திருப்பவர்கள் வராதவர்களுக்கு இதை எத்திவைக்க வேண்டும் என்று சொன்னார்கள். நேரில் கேட்டவரைவிட, பிறகு கேட்டு அறிந்தவர் அதை நன்றாக விளங்கிக்கொள்ளவும் கூடும் என்றார்கள். இதைச் சின்ன வயதிலிருந்து குத்பாக்களில் கேட்கிறேன். செயலமர்வுக்கும் இது பொருந்தும் என்று இப்போதுதான் உறைக்கிறது. துணுக்காயில் பஸ்ஸைத் தவறவிட்ட அந்த டீச்சர் என்னைவிட நன்றாக அந்தப் போர்டைப் பாவிப்பாரோ, யார் கண்டது?

செயலமர்வு நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஸ்லைட்டை முதல் நாளே கொடுத்துவிடுங்கள், பிறகு என்றால் அது வராது. முழு வீடியோ எங்கள் டேட்டாவுக்குத் தாங்காது, ஒலிப்பதிவு போதும். பேசுபவரிடம் அனுமதி கேட்டுப் பதியுங்கள். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் விளக்கத்தோடு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். கிறீன் முதலில் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று. ஒரு மாதம் கழித்துச் சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி இலக்கமும் வேண்டும்.

நானும் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாளும் கொப்பியில் எழுதிய குறிப்புகளைப் போட்டோ எடுத்து அந்த டீச்சருக்கு நேற்றிரவு அனுப்பிவிட்டேன். பதினொரு பக்கம், கையெழுத்து அவ்வளவு அழகில்லை. இன்று காலை சுபஹுத் தொழுதுவிட்டுப் பார்த்தால் அவரிடமிருந்து ஏழு கேள்விகள் வந்திருந்தன. நாலுக்கு எனக்குப் பதில் தெரியும். மற்ற மூன்றையும் வளவாளருக்கே அனுப்பியிருக்கிறேன்.