மின்னஞ்சல் வழிமறிப்பு: ஒரு வரலாற்றுப் பார்வை

சங்க மலருக்குக் கட்டுரை என்றால் கல்வெட்டு, சமணப் பள்ளி, பழைய சுவடி என்று எதையாவது நான் எழுதுவேன் என்றுதான் அன்பர்கள் எதிர்பார்ப்பார்கள். இம்முறை நம் எல்லார் கையிலும் தினம் புழங்குகிற மின்னஞ்சலின் வரலாற்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டேன். நாம் அனுப்பும் கடிதம் சில சமயம் போய்ச் சேருகிறது. சில சமயம் சேராமல் திரும்புகிறது. இதைத் தீர்மானிப்பது யார்? தபால் இலாகா இல்லை, போலீஸ் இல்லை, கோர்ட்டும் இல்லை. வலையமைப்புகளை நடத்துகிறவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட வழக்கம்தான் நெடுங்காலம் தீர்மானித்து வந்தது. அந்த வழக்கம் எப்படி உண்டாயிற்று, அதில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பொறியாளன் இல்லை. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, மும்பையில் பாத்திர மொத்த வியாபாரம் செய்பவன். ஆனால் கடைவீதியில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்தவனுக்கு நாணயம், வாக்கு, விலக்கு ஆகிய மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரியும். இந்த வரலாறும் அந்த மூன்றைப் பற்றியதுதான்.

தொடக்கக் காலம்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் 1969இல் ஆர்ப்பாநெட் என்ற வலை தொடங்கிற்று. 1971இல் ரே டாம்லின்சன் என்பவர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரில் உள்ள ஆளுக்குக் கடிதம் அனுப்பும் வழியைச் செய்தார். முகவரியின் நடுவே இன்று நாம் போடும் சுழிக்குறியை ஆளையும் இயந்திரத்தையும் பிரித்துக்காட்டத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.

1975 ஜூனில் 'மெசேஜ் குரூப்' என்ற அஞ்சற்குழு தொடங்கியது. ஒருவர் எழுதினால் உறுப்பினர் அனைவருக்கும் போகும். மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும் என்று மின்னஞ்சலிலேயே விவாதித்தார்கள். ஐனார் ஸ்டெஃபரூட் என்பவர் அதைப் பொறுப்பாகக் கவனித்து வந்தார்.

அதே 1975 நவம்பரில் ஜான் போஸ்டல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். இந்த வலையின் விதிகளெல்லாம் 'ஆர்.எஃப்.சி.' என்ற குறிப்பு வரிசையில்தான் எழுதப்பட்டு வருகின்றன; இது அதில் 706ஆம் எண். வேண்டாத கடிதம் வந்தால் அதை மறுக்க ஒரு கம்ப்யூட்டருக்கு வழியே இல்லை. அந்த வழி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நோய் பரவுவதற்கு முன்பே மருந்துச்சீட்டு எழுதப்பட்டுவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றே வருஷத்தில் நோயும் வந்தது. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனியின் விற்பனையாளர் கேரி துர்க், புதிய கம்ப்யூட்டரைக் காட்டுகிறோம், வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். வலையைப் பார்த்துக்கொண்ட ராணுவ அதிகாரிகள் கண்டித்தார்கள். கம்பெனிக்கோ வியாபாரம் ஆயிற்று. வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன், சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. அனுப்புகிறவனுக்குச் செலவு கிடையாது. பாரம் முழுக்க வாங்குகிறவன் தலையில். நோட்டீஸ் அடிக்கிறவனுக்குக் கூடக் காகிதக் கூலி உண்டு. இவனுக்கு அதுவும் இல்லை.

சபை நாகரிகம்

1994 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த கேண்டர், சீகல் என்ற வக்கீல் தம்பதியர், குடியேற்ற உரிமைக் குலுக்கலுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதாக 5,500க்கும் மேற்பட்ட யூஸ்நெட் விவாதக் குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் போட்டார்கள். உலகெங்கும் இருந்து வந்த வசவுக் கடிதங்கள் தாங்காமல் அவர்களுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் சர்வரே படுத்துவிட்டது. அந்த நிறுவனம் அவர்கள் கணக்கை முடித்தது. எந்தச் சட்டமும் அவர்களைத் தொடவில்லை, சபைதான் தண்டித்தது.

வட அமெரிக்க வலை நடத்துவோர் 'நேனாக்' என்ற பெயரில் சபையாகக் கூடியதும் அதே 1994இல்தான். போட்டிக் கம்பெனிகளின் பொறியாளர்கள் ஒரே அஞ்சற்குழுவில் இருந்துகொண்டு, எங்கே கம்பி அறுந்தது, யார் வழி தவறாக அறிவித்தார்கள், எவனுடைய வலையிலிருந்து குப்பை வருகிறது என்று பேசுவார்கள். எதிர்க்கடைக்காரனோடு விலையில் சண்டை போட்டாலும் தெருவில் தீப்பிடித்தால் சேர்ந்து தண்ணீர் ஊற்றுகிற மாதிரி.

இத்தகைய சபைக்கு மரியாதை விதிகள் வேண்டுமல்லவா? 1995 அக்டோபரில் இண்டெல் கம்பெனியைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த 1855ஆம் எண் குறிப்பு அவற்றை எழுத்தில் கொண்டுவந்தது. புதிதாகச் சேர்ந்தவர் ஒன்றிரண்டு மாதம் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் எழுத வேண்டும். முழுதும் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதாகப் பொருள். பதில் எழுதும்போது எதற்குப் பதில் என்பது விளங்கும் அளவுக்கு மட்டும் முந்தைய கடிதத்தைக் காட்ட வேண்டும். கோபம் வந்தால் ஒரு ராத்திரி பொறுத்து எழுத வேண்டும். எங்கள் சமணத்தில் பாஷா சமிதி என்று ஓர் ஒழுக்கம் உண்டு. சொல்லை அளந்து, பிறருக்கு ஊறு வராமல் பேசுவது. இன்னொரு தேசத்தில், இன்னொரு காரணத்துக்காக, பொறியாளர்களும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்ததைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

1997 மேயில் டேவ் கிராக்கர் எழுதிய 2142ஆம் எண் குறிப்பு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பொதுவான பெட்டிகளுக்கு ஒரே மாதிரிப் பெயர்களை அது வகுத்தது: முறைகேடு பற்றிய புகாருக்கு 'அப்யூஸ்', அஞ்சல் கோளாறுக்கு 'போஸ்ட்மாஸ்டர்', வலைக் கோளாறுக்கு 'நாக்'. முதலில் அந்த வீட்டுக் கதவைத் தட்டு, பதில் இல்லையென்றால் சபையில் கேள் என்பது இதிலிருந்து வளர்ந்த நடைமுறை.

விலக்குப் பட்டியல்

கதவைத் தட்டியும் திறக்காதவனை என்ன செய்வது? அந்நாளில் பெரும்பாலான அஞ்சல் சர்வர்கள் திறந்த வீடாக இருந்தன. முகம் தெரியாத யார் வந்து கடிதம் கொடுத்தாலும் வாங்கி, ஊருக்கெல்லாம் சேர்ப்பிக்கும். அது உதவி மனப்பான்மை. குப்பை அனுப்புகிறவர்கள் அந்த நல்ல மனத்தையே ஏணியாக்கிக்கொண்டார்கள். 1998இல் வந்த செண்ட்மெயில் 8.9 பதிப்புதான் அந்தக் கதவை இயல்பாகவே மூடிவைத்தது.

1997இல் பால் விக்ஸி என்ற பொறியாளர் கலிபோர்னியாவில் ஒரு பட்டியல் தொடங்கினார். குப்பைக்கு இடம் கொடுக்கும் ஐ.பி. முகவரிகள் அதில் இருக்கும். விருப்பப்பட்ட வலைக்காரர்கள் அதை வாங்கித் தங்கள் ரூட்டரில் போட்டால், அந்த முகவரிகளோடு போக்குவரத்து நின்றுபோகும். பிறகு ஒவ்வொரு கடிதம் வரும்போதும் அனுப்பியவர் பெயர் பட்டியலில் உண்டா என்று கேட்டுப் பார்க்கும் முறையும் வந்தது. 1998இல் லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்டு ஸ்பாம்ஹவுஸ் அமைப்பைத் தொடங்கினார்.

கடைவீதி ஆட்களுக்கு இது புதிதல்ல. ஒருத்தன் பல பேரிடம் சரக்கெடுத்துப் பணம் தராமல் இழுத்தடித்தால், அவனுக்கு யாரும் கடன் சரக்குப் போடமாட்டார்கள். யாரும் உத்தரவு போடுவதில்லை. அவரவர் கடையை அவரவர் அடைக்கிறார்கள், அவ்வளவுதான். பட்டியல்காரர்கள் சொன்ன நியாயமும் இதுவே: நாங்கள் யாரையும் தடுக்கவில்லை, கருத்துச் சொல்கிறோம், ஏற்பது உங்கள் விருப்பம்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. 2001இல் தோன்றிய 'ஸ்பியூஸ்' என்ற பட்டியலை நடத்தியவர் யாரென்றே தெரியாது. குப்பை அனுப்பியவனை வெளியேற்றாத நிறுவனத்தை வழிக்குக் கொண்டுவர, அதே நிறுவனத்தின் மற்ற வாடிக்கையாளர்களின் முகவரிகளையும் படிப்படியாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். பக்கத்து வீட்டுக்காரன் செய்ததற்கு இவன் வீட்டுக்கும் தண்ணீர் நிற்கும். முறையிட நேரான வாசல் கிடையாது; பொது விவாதக் குழுவில் எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2006இல் அந்தப் பட்டியல் ஓய்ந்தது.

இது எனக்கு ஏட்டுப் படிப்பு மட்டுமல்ல. 2004இல் சிங்கப்பூர் வியாபாரி ஒருவருக்கு நான் அனுப்பிய விலைப்பட்டியல் ஐந்து முறை திரும்பி வந்தது. எனக்கு அஞ்சல் வசதி தந்த நிறுவனத்தின் சர்வரில் இன்னொரு வாடிக்கையாளர் குப்பை அனுப்பியிருக்கிறார். அதனால் எங்கள் எல்லார் கடிதத்துக்கும் விலக்கு. நிறுவனத்தில் கேட்டால் பதினெட்டு நாள் 'பார்க்கிறோம் சார்' என்றார்கள். அதற்குள் ஆர்டர் வேறிடம் போய்விட்டது. பணம் போனது பெரிதில்லை. நான் என்ன குற்றம் செய்தேன் என்று சொல்ல ஆளில்லாமல் விலக்கப்பட்டேனே, அதுதான் உறுத்திற்று. அதன் பிறகுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நம் போன்ற நாடுகளின் நிலையை எடுத்துச் சொன்னவரும் உண்டு. 2005இல் ஓ.இ.சி.டி. அமைப்புக்காக சுரேஷ் ராமசுப்பிரமணியன் எழுதிய அறிக்கை, வளரும் நாடுகளின் வலைக்காரர்களுக்குக் குப்பை அஞ்சல் எவ்வளவு பெரிய சுமை என்பதை விளக்கியது. தெற்காசிய வலை நடத்துவோரின் 'சேனாக்' சபை அதற்கு முன்பே, 2003இல் காத்மாண்டுவில் தொடங்கியிருந்தது.

உறையைப் பார்ப்பதும் கடிதத்தைப் படிப்பதும்

வலை நடத்துகிறவன் போக்குவரத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு வெளியுலகோடு ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு இருந்த காலத்தில், அதில் எவ்வளவு நெரிசல் என்று எல்லாரும் அறிய டோபியாஸ் ஓட்டிக்கர் ஒரு நிரலி எழுதினார். 1995இல் அவர் வெளியிட்ட எம்.ஆர்.டி.ஜி. என்ற அந்தக் கருவி போக்குவரத்தை வரைபடமாகக் காட்டிற்று. 1996 வாக்கில் சிஸ்கோ கொண்டுவந்த நெட்ஃப்ளோ, எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போயிற்று என்று டெலிபோன் பில் கணக்காகக் குறித்துவைத்தது. குப்பையும் தாக்குதலும் எங்கிருந்து வருகின்றன என்று கண்டுபிடிக்க இது இல்லாமல் முடியாது.

சுங்கச்சாவடியில் வண்டியை எண்ணுவது ஒன்று. மூட்டையைப் பிரிப்பது வேறொன்று. இந்த எல்லையை விதி வகுப்போர் நன்றாக உணர்ந்திருந்தார்கள். ஒட்டுக்கேட்பதற்கான வசதியை எங்கள் விதிகளுக்குள் சேர்த்துச் செய்யமாட்டோம் என்று 2000 மேயில் 2804ஆம் எண் குறிப்பில் எழுதினார்கள். 2013இல் எட்வர்ட் ஸ்நோடன் வெளிப்படுத்திய ஆவணங்களுக்குப் பிறகு, 2014 மேயில் வந்த 7258ஆம் எண் குறிப்பு, எல்லாரையும் சல்லடை போட்டுக் கண்காணிப்பதும் ஒருவகைத் தாக்குதலே என்று முடிவுகட்டியது.

நம் நாட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1995 ஆகஸ்ட் 15இல் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இண்டர்நெட் கொடுத்தது. எட்டு வருஷம் கழித்து, 2003 செப்டம்பரில், மேகாலயாவின் தீவிரவாத அமைப்பு ஒன்றோடு தொடர்புடைய 'கின்ஹுன்' என்ற ஒரேயொரு யாஹூ குழுவை மறிக்கும்படி அரசு உத்தரவிட்டது. ஒரு குழுவை மட்டும் மறிக்கும் வசதி இல்லாத வலை நிறுவனங்கள், யாஹூ குழுக்களின் முகவரியையே மொத்தமாக மறித்தன. இலக்கியக் குழு, பழைய மாணவர் குழு, நோயாளிகளின் உதவிக் குழு என்று எல்லாம் நாடு முழுக்க நின்றுபோயின. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

கோர்ட்டும் சபையும்

விலக்கப்பட்டவர்கள் கோர்ட்டுக்கும் போனார்கள். இ360 என்ற விளம்பர அஞ்சல் நிறுவனம் ஸ்பாம்ஹவுஸ் மீது சிகாகோவில் வழக்குப் போட்டது. ஸ்பாம்ஹவுஸ் தொடர்ந்து எதிர்வாதம் செய்யாததால் 2006இல் 1 கோடியே 17 லட்சம் டாலர் நஷ்டஈடு தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டுக்குப் பின் 2010இல் அது 27,002 டாலராகக் குறைந்தது. 2011இல் மேல்கோர்ட் அதையும் தள்ளி 3 டாலர் போதும் என்றது!

மறுபக்கம், சபையின் பலத்தையும் பாருங்கள். 2008 நவம்பர் 11இல் கலிபோர்னியாவின் மெக்கோலோ என்ற நிறுவனத்துக்கு, அதன் மேல்நிலை இணைப்பாளர்கள் இருவர் இணைப்பைத் துண்டித்தார்கள். பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் ஆதாரங்களை அவர்கள் முன் வைத்ததே காரணம். உலகக் குப்பை அஞ்சல் ஒரே நாளில் பாதிக்கு மேல் விழுந்தது. ஆனால் சில மாதங்களில் வேறு வழியாக மீண்டும் ஏறிவிட்டது.

நம் நாட்டில், தொந்தரவு தரும் மின்னஞ்சலையும் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2009இல் நடைமுறைக்கு வந்தது. அது குப்பை அனுப்பியவர்களைப் பிடித்ததைவிட, கருத்துச் சொன்னவர்களைப் பிடித்ததுதான் பேச்சாயிற்று. 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சபை செய்யும் விலக்கிலும் தவறு நேரலாம்தான். ஆனால் சபையிடம் ஜெயில் இல்லை.

இன்றைய நிலை

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும், மொத்தமாகக் கடிதம் அனுப்புவோர் தங்கள் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும், ஒரே தட்டலில் விலகும் வசதி தர வேண்டும், புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தன. விதிகள் நல்லவையே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கடைக்காரர்கள் கூடிப் பேசிய சபை, இன்று இரண்டு மூன்று பெரிய முதலாளிகளின் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. சபையில் எதிர்த்துப் பேச இடமிருந்தது. கல்லாவில் இருப்பது இயந்திரம்.

இந்த ஐம்பது வருஷ வரலாற்றைப் படித்ததில் எனக்குத் தெளிவானது இதுதான். கதவை அடைக்கும் உரிமை வீட்டுக்காரனுக்கு உண்டு. போஸ்டல் 1975இல் கேட்டதும் அந்த உரிமையைத்தான். ஆனால் அடைப்பவன் மூன்று காரியம் செய்தாக வேண்டும்: இன்னதற்காக அடைத்தேன் என்று சொல்ல வேண்டும், குற்றம் செய்தவனோடு நிறுத்த வேண்டும், திருந்தியவன் திரும்பி வர ஒரு வாசல் வைக்க வேண்டும். ஸ்பியூஸ் பட்டியலும் 2003 யாஹூ மறிப்பும் இவற்றை மறந்ததால்தான் பெயர் கெட்டன.

நம் சங்கத்துக்கும் உறுப்பினர் அஞ்சற்குழு இருக்கிறது. அதிலிருந்து யாரையாவது நீக்க நேர்ந்தால், நிர்வாகிகள் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு நீக்கட்டும். கோபமாக எழுத வருகிற அன்பர்களும் ஒரு ராத்திரி பொறுத்து எழுதினால் அந்தத் தாளுக்கே வேலை இருக்காது.