ஏழைகளின் திராட்சைத் தோட்டம்



நல்ல சமாரியர், அடிபட்டுக் கிடந்தவனின் காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினார் என்று லூக்கா நற்செய்தியில் கேட்கிறோம். திராட்சை இரசத்தையும் நோயாளியையும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிக்காமல் வைத்திருக்கும் ஓர் ஊர் பிரான்சு நாட்டில் உண்டு. பர்கண்டிப் பகுதியிலுள்ள போன் நகரம் அது.

நூறாண்டுப் போரும் பஞ்சமும் அந்த ஊரை வறுமையில் தள்ளியிருந்த காலம். 1443-இல் பர்கண்டிக் கோமகனின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலானும் அவர் மனைவி கிகோனும் அங்கே ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனையை நிறுவினார்கள். தம் ஆன்ம மீட்பைக் கருதியே இதைச் செய்வதாக ரோலான் மறைக்காமல் எழுதியும் வைத்தார். பெரும் செல்வர் அவர். கணக்குக் கொடுக்கவேண்டிய நாளை எண்ணியிருப்பார்.

1452-இல் முதல் நோயாளி வந்தார். நீண்ட கூடத்தின் இருபுறமும் கட்டில்கள். கூடத்தின் முனையிலேயே சிற்றாலயம். எழ முடியாதவர்களும் படுத்தபடியே திருப்பலியில் பங்குகொண்டார்கள். பீடத்தின் மேல் ரோகியர் வான் டெர் வெய்டன் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியம். ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் அதைத் திறந்து காட்டுவார்கள். சாகக் கிடப்பவர் முன் இப்படியொரு படமா என்று நமக்குத் தோன்றலாம். அவர்களுக்கு அது நம்பிக்கையின் படம்.

1457 முதல் மக்கள் தங்கள் திராட்சைத் தோட்டங்களை இம்மருத்துவமனைக்கு எழுதி வைக்கத் தொடங்கினார்கள். இன்று அவை சுமார் 60 எக்டேர். கொடுத்தவர்களின் பெயர்கள் அந்த இரசங்களுக்கே சூட்டப்பட்டுள்ளன. கூடத்தில் படுத்திருந்த ஏழைகளின் பெயரை மட்டும் எந்தப் புட்டியிலும் காணோம்.

குடியால் குலைந்த வீடுகளை நம் பங்கிலேயே நாம் பார்க்கிறோம். ஆகவே மதுவைப் புகழ நான் இதைச் சொல்லவில்லை. அந்த நிலம் யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்பதையே சொல்கிறேன்.

1971-இல் பழைய கட்டடம் அருங்காட்சியகமாயிற்று. வண்ண ஓட்டுக் கூரையையும் வெறுமையான கட்டில்களையும் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் திரள்கிறார்கள். படம் எடுத்து, இரசம் சுவைத்துப் போய்விடுகிறவர்களே அதிகம். ஆனால் நோயாளிகள் மறக்கப்படவில்லை; ஊரிலுள்ள புதிய மருத்துவமனையில் இருக்கிறார்கள். 1859 முதல் அந்த ஆண்டின் புது இரசம் பீப்பாய் பீப்பாயாக ஏலம் விடப்பட்டு, அப்பணம் மருத்துவப் பணிக்குச் செல்கிறது.

ஏலம் நடப்பது நவம்பர் மூன்றாம் ஞாயிறு. திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய உலக வறியோர் நாளும் பல ஆண்டுகளில் அதே ஞாயிறன்றே வருகிறது.