கண்டிச் சீமையில் மேசை விருந்து: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ் வழக்கில் 'ஹோட்டல்' என்னுஞ் சொல் இரு வேறு உலகங்களைச் சுட்டுகின்றது. தெல்தோட்டைக் கடைத்தெருவில் ரொட்டியும் சம்பலும் தேநீரும் விற்குஞ் சிறு கடையும் ஹோட்டலே. கண்டி வாவிக்கரையில், வெண்துணி விரித்த மேசைகளின் நடுவே சீருடைப் பரிசாரகர் நடமாடும் மாளிகையும் ஹோட்டலே. முன்னையதில் எவரும் கைகழுவிவிட்டு அமர்ந்துவிடலாம். பின்னையதன் வாயிலில் நம் மாணவர் பலருக்குக் கால் தயங்குகின்றது. எக்கரண்டியை எதற்கு எடுப்பது, பட்டியலிலுள்ள பெயர்களை எங்ஙனம் உச்சரிப்பது, கையால் உண்டால் அயல்மேசையினர் நகைப்பரோ என்றெல்லாம் எழும் அத்தயக்கம் பழக்கக் குறைவினால் மட்டும் தோன்றுவதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் கணிசமான பகுதி, பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஊடறுத்துச் செல்லும் கலஹா வீதி சென்றடையும் மலைகளிலே நிகழ்ந்தது. உயர்தர ஹோட்டலின் உணவு மண்டபத்தில் எதிர்பார்க்கத்தக்கவை யாவை, அவை அவ்வாறு அமைந்தது ஏன் என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேசையும் வெண்துணியும் ஆங்கிலேயரோடு கண்டிக்கு வந்தவை என்று கருதுவோர் உளர். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளிவந்த தமது நூலில் இரண்டாம் இராஜசிங்கன் உணவுகொள்ளும் முறையை விபரித்துள்ளார். வெண்துணி விரித்த சிறு மேசையின் முன் அரசன் தனியனாக அமர்வான். பொற்பாத்திரத்தின்மீது இட்ட பச்சை வாழையிலையில் உண்பான். இருபது முப்பது வகை உணவுகள் கொண்டுவரப்படும். அவன் விரும்பிக் கேட்பதை, அதற்கென நியமிக்கப்பெற்ற பிரபு ஒருவன் தன் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு அகப்பையால் எடுத்து இடுவான். இன்றைய ஹோட்டலின் இலக்கணம் ஏறத்தாழ முழுவதும் இக்காட்சியில் அடங்கியுள்ளது எனலாம். தெரிவு செய்யும் உரிமை உண்பவனுடையது. வாய்திறவாது பரிமாறும் கடமை மற்றவனுடையது. அன்று ஓர் அரசனுக்கு மட்டும் உரியதாயிருந்த அவ்வுபசாரம் இன்று பணங்கொடுப்போர் எவருக்கும் ஒரு மாலைப்பொழுதுக்கென விற்கப்படுகின்றது என்பதே வேற்றுமை.

எனினும், கண்டி அரசனின் மேசை மலையை விட்டு இறங்கவில்லை. பொதுமக்கள் வாழ்வில் மேசை புகுந்தது கரையோர மாகாணங்களின் வழியாகவே. இதற்கு நம் அன்றாடப் பேச்சே சான்று. மேசை, கதிரை, வாங்கு, கோப்பை, குசினி, பாண், விசுக்கோத்து, துவாய் ஆகியன போர்த்துக்கேயர் மொழியிலிருந்து நம்மிடம் வந்து, இன்று அந்நியம் என்ற நினைவே தோன்றாதவாறு கலந்துவிட்ட சொற்கள். இவற்றிடையே ஒரு சுவையான விதிவிலக்கு உண்டு. சிங்களம் உணவுமுள்ளின் பெயரையும் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்று 'கேருப்புவ' என வழங்குகின்றது. தமிழோ அதனை ஏற்காது, 'முள்ளுக்கரண்டி' எனத் தானே ஒரு பெயர் அமைத்துக்கொண்டது. மேசையையும் கதிரையையும் பெயரோடு ஏற்றுக்கொண்ட தமிழர், முள்ளைச் சற்று எட்ட வைத்தே நோக்கினர் போலும்!

இனி, ஹோட்டல் உணவு மண்டபத்தின் ஒழுங்குமுறை எங்கிருந்து வந்தது என நோக்குவோம். 'றெஸ்ரோறன்ட்' என்னும் பிரெஞ்சுச் சொல் முதலில் ஓர் இடத்தைக் குறித்ததன்று. இழந்த வலுவை மீட்டுத்தரும் சாறு ஒன்றையே குறித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் பாரிசு நகரில் அச்சாற்றை விற்ற கடைகளுக்கு அதுவே பெயராயிற்று. பலரும் ஒரு பொது மேசையைச் சுற்றியிருந்து வைத்ததை உண்ட பழைய சத்திர முறை மாறி, தனி மேசை, அச்சிட்ட பட்டியல், ஒவ்வொன்றுக்கும் குறித்த விலை என்பன அங்கு நிலைபெற்றன.

பரிமாறும் முறையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பழைய பிரெஞ்சு முறையில் பல வகை உணவுகளும் ஒருசேர மேசையிலே பரப்பப்படும். ஒன்றன்பின் ஒன்றாக, ஆளாளுக்குத் தனித்தட்டில் கொண்டுவரும் முறையை 1810 அளவில் பாரிசிலிருந்த ருசியத் தூதுவர் குராக்கின் அறிமுகஞ்செய்தார் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அது ஐரோப்பா எங்கணும் பரவியது. நமது தலைவாழையிலை பழைய பிரெஞ்சு முறைக்கு நெருங்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது. இலையிலே உணவின் ஒழுங்கு இடத்தால் அமைகின்றது. ஹோட்டல் மேசையிலே அது காலத்தால் அமைகின்றது. சூப்பு வந்து போகும், மீன் வந்து போகும், இறைச்சி வந்து போகும், இறுதியில் இனிப்பு வரும். அடுத்து வருவது யாதென்பதைத் தட்டு கூறாது, கரண்டிகளே கூறும். ஆதலால், அணிவகுத்து வைத்திருக்கும் முள்ளையும் கத்தியையும் கரண்டியையும் கண்டு மலைக்கவேண்டியதில்லை. அவை உண்ணும் வரிசையிலேயே வெளியிலிருந்து உள்நோக்கி அடுக்கப்பட்டவை. ஒவ்வொரு தட்டுக்கும் வெளிப்புறத்திலுள்ளதை எடுத்தால் தவறு நேராது. முள்ளையும் கத்தியையும் தட்டிலே விலக்கி வைத்தால் இன்னும் உண்பதாகவும், சேர்த்து வைத்தால் உண்டு முடித்ததாகவும் பரிசாரகர் பொருள்கொள்வர். இலையை உட்புறமாக மடித்தல் போன்றதொரு குறிமொழிதான் இதுவும். ஒருவருக்கு அது தெரியாதது அறியாமையன்று. வேறொரு மொழியில் அவர் தேர்ச்சி பெற்றவர் என்பதே அதன் பொருள்.

இம்முறை கண்டிச் சீமைக்கு ஏறிவந்தது பெருந்தோட்டத்தோடு. 1815இல் கண்டி வீழ்ந்தபின் காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கால்நடையாகக் கொண்டுவரப்பட்டனர். 1852இல் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் ரெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர், தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியதும் அதே 1867ஆம் ஆண்டிலேயே. ஒன்று ஹோட்டலின் கோப்பையை நிரப்பப் போவது. மற்றது ஹோட்டலின் அறைகளை நிரப்பப் போவது. 1869 தொடக்கம் இலைநோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை கைப்பற்றிற்று.

லூல்கந்துரவிலே முதன்முதல் தேயிலை பதனிடப்பட்ட விதம் பற்றி ஒரு குறிப்பு உண்டு. தொழிற்சாலை என்று ஒன்று அப்போது இல்லை. ரெயிலரின் வீட்டுத் திண்ணையிலே மேசைகளை இட்டு, மணிக்கட்டு முதல் முழங்கை வரையான கைப்பகுதியால் கொழுந்தை உருட்டினர். களிமண் அடுப்பில், கரியனலின்மீது கம்பித்தட்டுகளை வைத்து உலர்த்தினர். இலங்கைத் தேயிலை 23 இறாத்தல் 1873இல் இலண்டனைச் சென்றடைந்தது. ஆங்கில மேசை ஒழுக்கத்தின் முதற்கட்டளை முழங்கையை மேசைமீது ஊன்றலாகாது என்பது. அம்மேசையில் ஊற்றப்படும் இலங்கைத் தேநீரோ, மேசைமீது முழங்கையைத் தேய்த்தவர்களின் உழைப்பிலே பிறந்தது.

தோட்டத்திலே துரையின் பங்களா உருவாகியபோது அதனுடன் அதன் குசினியும் உருவாயிற்று. சூப்பும் பொரித்த இறைச்சியும் புடிங்கும் ஆக்கக் கற்று, அவற்றை உரிய வரிசையிலே பரிமாறவும் பயின்றவர் 'அப்பு' என்றழைக்கப்பெற்ற சமையற்காரர். சிங்களவரும் தமிழருமாய் அமைந்த இவ்வணி, ஐரோப்பிய மேசை ஒழுக்கத்தை அவ்வொழுக்கத்திற்கு உரியவரெனத் தம்மைக் கருதியோரிலும் துல்லியமாக அறிந்திருந்தது. அறிந்தும் அம்மேசையில் அமரும் உரிமை அவர்க்கு இருக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையிலிருந்து பங்களாவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் வெள்ளிக் கரண்டிகளைத் துலக்கினர். கையிற் பிடித்து உண்ணவில்லை. நம் மாணவரின் தயக்கத்தினுடைய வேர் இங்கேதான் உள்ளது என்பது எமது துணிபு. ஹோட்டல் வாயிலில் தயங்குவது கரண்டியறியாத கை மட்டுமன்று. பின்வாசலால் மட்டும் நுழையப் பழக்கப்பட்ட ஒரு சமூகத்தின் நினைவும் ஆகும்.

இவ்வேற்றுமை விதியாகவே எழுதப்பட்ட இடங்களும் இருந்தன. 1876இல் நுவரெலியாவில் அமைந்த ஹில் கிளப் நெடுங்காலம் வெள்ளையர்க்கே உரியதாயிருந்தது. இன்று பணஞ்செலுத்தும் எவரும் அங்கு உண்ணலாம். ஆயினும் மாலையிலே உணவு மண்டபத்திற்குள் நுழையும் ஆடவருக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் வேண்டும். இல்லாதோர்க்கு அங்கேயே இரவல் தருவர்! கண்டி நகரின் குயின்ஸ் போன்ற பழைய ஹோட்டல்களில் இத்துணைக் கண்டிப்பில்லை. தூய உடையும் மூடிய பாதணியும் போதும்.

இவ்வாறு அந்நியமெனத் தோன்றும் பட்டியலிலே நம்மவர் கைவண்ணமும் உண்டு. 'முல்லிகாட்டோனி' என்றொரு சூப்பு அதில் காணப்படும். பெயரைக் கண்டு அஞ்சுவோர் அறிய வேண்டியது, அது நமது மிளகுத் தண்ணீரே என்பதாகும். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் உணவின் தொடக்கத்தில் சூப்பு வேண்ட, அவர்தம் சமையற்காரர் மிளகுத் தண்ணீரை இறைச்சிச் சாற்றோடு கூட்டி மேசைக்கு அனுப்பினர். சோற்றின் துணையாயிருந்தது சோறின்றித் தனித்துத் தலைமை பெற்றது. 'கறி' என்னுஞ் சொல்லும் அவ்வழியே உலகைச் சுற்றிவந்தது. துரைமாரின் ஞாயிறு மதியத்துச் சோறும் கறியும் ஹோட்டல்களில் இன்றும் தொடர்கின்றன. அவ்வேளையிலே கையால் உண்பதை எவரும் குறையாகக் கொள்வதில்லை. கேட்டால் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் வெந்நீர்க் கிண்ணம் விரல் கழுவ வரும். அது பருகுவதற்கன்று.

1966இல் உல்லாசப் பயணச் சபையும் ஹோட்டல் கூட்டுத்தாபனமும் சட்டத்தால் நிறுவப்பெற்றதும், 1975 அளவில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் இவ்வரலாற்றின் அடுத்த கட்டத்தைத் தொடக்கின. துரை போனார், அவரது மேசை உல்லாசப் பயணிக்கு ஆயிற்று. கந்தப்பளையில் கைவிடப்பட்ட ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாடவிட்ட மாடிகளில் இன்று விருந்தினர் உறங்குகின்றனர். 2005 முதல் பொகவந்தலாவைப் பகுதியின் பழைய துரை பங்களாக்களும் ஆடம்பர விடுதிகளாயின. பட்லர் உபசாரமே அவற்றின் முதற் கவர்ச்சி. பெருந்தோட்டத்தின் உழைப்பு விற்பனைப் பொருளாயிருந்த காலம் போய், அதன் நினைவும் விற்பனைப் பொருளாகிவிட்டது எனலாம்.

இன்று அத்தகைய மண்டபம் ஒன்றுக்குச் செல்வோர் கருத்திற்கொள்ள வேண்டியன சில உள. எசல பெரஹரா நாட்களில் முன்பதிவின்றிக் கண்டியில் மேசை கிடைப்பது அரிது. போயா தினத்தில் மது பரிமாறப்படமாட்டாது. சைவ உணவினர், சூப்பு எலும்புச் சாற்றில் ஆக்கியதோ என வினவுதல் நன்று; மரக்கறிச் சூப்பு எனும் பெயரை மட்டும் நம்புதல் தகாது. பல ஹோட்டல்களில் வரிசை முறைக்குப் பதிலாக, யாவற்றையும் நீண்ட மேசையிலே பரப்பி, விருந்தினரே எடுத்துண்ணும் 'பஃபே' முறை நிலவுகின்றது. பழைய பிரெஞ்சு முறை சுற்றிவந்து திரும்பியிருக்கின்றது! அங்கு ஒருமுறையிலேயே தட்டை மலையாக்க வேண்டியதில்லை. எத்தனை முறையும் எழுந்து செல்லலாம். இனிப்பு மேசையில் வட்டிலப்பமும், தயிரும் கித்துள் பாணியும் பெரும்பாலும் இருக்கும். ஐரோப்பியக் கேக்குகளைக் காட்டிலும் அவை சிறந்தவை என்பது எமது பக்கச்சார்பான அபிப்பிராயம்.

இறுதியில் தேநீர் வரும். சில ஹோட்டல்களில் அதற்கெனத் தனிப்பட்டியல் உண்டு. தோட்டத்தின் பெயர், மலையின் உயரம், இலையின் தரம் யாவும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு கோப்பையின் விலை, தெல்தோட்டைக் கடையில் பல கோப்பைகளின் விலையாக இருக்கும். நல்லிலை ஏற்றுமதிக்குச் செல்ல, அதனைப் பறித்தவர் வீட்டில் தூள்தேயிலையின் சாயமே தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சப்பட்டு வந்தது. ஆகவே, அப்பட்டியலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் விரித்து, தன் மலையின் பெயரைத் தேடி, அவ்விலையை வரவழைத்துப் பருகுவாராயின், அது ஆடம்பரமெனக் கருதத்தக்கதன்று.

பற்றுச்சீட்டைப் படிக்காமல் பணம் வைத்தலாகாது. உணவின் விலைக்குமேல் பத்து வீதச் சேவைக் கட்டணமும் அரச வரியும் பொதுவாகச் சேர்க்கப்படும். பட்டியலின் விலையில் அவை அடங்கியுள்ளனவா என முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும். அச்சேவைக் கட்டணம் ஊழியரிடையே பகிரப்படுவது. சம்பளத்தைவிட அப்பங்கையே பெரிதும் நம்பியிருப்போர் அவருள் பலர். மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த இளைஞரும் அவருள் அடங்குவர். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2020இல் பெருந்தொற்றின்போதும் விருந்தினர் வராது மேசைகள் வெறுமையாயின. ஹோட்டல்களில் அச்சடித்த அப்பத்து வீதம் மாறவில்லை. எதன் பத்து வீதம் என்பதுதான் மாறிற்று. லயன் வீடுகளுக்கு மாதந்தோறும் போய்ச்சேரும் பணம் அதற்கேற்பக் குறைந்தது.