மினாங்கபாவு ஊர்ச் சொத்து

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்திராவில், புக்கிட் பாரிசான் மலைத்தொடரையொட்டிய மேட்டுநிலங்கள் மினாங்கபாவு மக்களின் தாயகம். அவர்களிடையே நெல்வயலும் குடும்ப வீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகின்றன. குடும்பத் தலைவனுக்குரிய ‘டத்துவாக்’ பட்டம் மட்டும் ஆண்களிடம் இருக்கும். அதுவும் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்காது, மாமனிடமிருந்து மருமகனுக்கு இறங்கும். இன்று வழக்கிலிருக்கும் தாய்வழிச் சமூகங்களில் மிகப் பெரியது இதுவே. இம்மக்கள் முஸ்லிம்கள், மார்க்கத்தில் அழுத்தமான பிடிப்புள்ளவர்கள். மார்க்கச் சட்டப்படி தகப்பன் சொத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஊர் வழக்குப்படி குலச் சொத்தில் மகனுடைய பிள்ளைகளுக்கு ஒரு பிடி மண்ணும் கிடையாது. இரண்டும் ஒரே ஊரில் எப்படிக் குடித்தனம் நடத்தின என்பதே இச்சொத்தின் வரலாறு.

ஊருக்கு இங்கே பெயர் ‘நாகரி’. காட்டைத் திருத்திப் போட்ட முதல் குடிசைகள் தாராத்தாக் எனப்படும். அது பெருகி டூசுன் ஆகும், பிறகு கோத்தோ, கடைசியில் நாகரி. பள்ளிவாசல், கூடிப் பேச மன்றம், வீதி, குளிக்கத் துறை ஆகியவை இல்லாத குடியிருப்பை நாகரி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குறைந்தது நான்கு ‘சூக்கு’களும் அங்கு இருக்கவேண்டும். சூக்கு என்பது தாய்வழிக் குலம். மலாய் மொழியில் அச்சொல்லுக்குக் கால் பங்கு என்று பொருள். நான்கு கால் சேர்ந்தால்தானே முழுசு! வழக்கப்படி ஒரே சூக்குக்குள் மணம் செய்வதில்லை. சூக்கின் உட்கிளைக்கு ‘பாருயிக்’, அதாவது வயிறு என்று பெயர். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அவர்கள் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

ஒரு வயிற்றாரின் வீடு ‘ரூமா கடாங்’, பெரிய வீடு. எருமைக் கொம்புபோல வளைந்தெழும் அதன் கூரை இந்தோனேசியச் சுற்றுலா விளம்பரங்களில் தவறாமல் வரும். சொத்து முறையைப் பார்க்க விரும்புகிறவர் கூரையை விட்டு உள்ளே போகவேண்டும். வீட்டின் முன்பாதி நெடுக ஒரே கூடம். பின்பாதியில் வரிசையாகச் சிற்றறைகள், மணமான பெண் ஒவ்வொருத்திக்கும் ஒன்று. புதிதாக மணமானவளுக்கு அடுப்படியிலிருந்து மிகத் தள்ளியுள்ள கடைசி அறை. அடுத்த தங்கைக்கு மணமானதும் அவள் ஓர் அறை நகர்ந்து இடம்விடுவாள். வயதாக ஆக அடுப்படிப் பக்கம் வந்துசேர்வாள். மகன்களுக்கு இந்த வரிசையில் அறையே இல்லை. ஏழெட்டு வயதானதும் பையன்கள் ‘சுராவ்’ என்னும் சிறு தொழுகைக்கூடத்தில் படுக்கப் போய்விடுவது அன்றைய வழக்கம்.

கணவன் அந்த வீட்டுக்கு ‘சுமாண்டோ’, மரியாதைக்குரிய விருந்தாளி. இருட்டிய பின் வந்து, விடிந்ததும் தன் தாய் வீட்டுக்கும் அக்காள் தங்கைகளின் வயலுக்கும் திரும்புவது பழைய வழக்கம். எரிந்த அடிமரத்தின்மேல் படிந்த சாம்பலுக்கு அவனை ஒப்பிடும் பழமொழி ஒன்று உண்டு: காற்றடித்தால் போச்சு. அவன் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளி, அவர்களுடைய தாயின் உடன்பிறந்தான்; அவனை ‘மாமாக்’ என்பார்கள். தமிழ்க் காதுக்கு விளக்கம் வேண்டாத சொல்.

வீட்டு முற்றத்தில் ‘ராங்கியாங்’ எனும் நெற்கூடுகள் நிற்கும். கால் வைத்து உயர்த்திக் கட்டிய இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் கணக்கு. ஒன்றிலுள்ள நெல் அன்றாடச் சாப்பாட்டுக்கு. ‘கடலை எட்டிப் பார்ப்பது’ என்று பொருள்படும் சிதிஞ்சாவ் லாவுயிக்கில் இருப்பதை விற்று வெளியூர்ப் பொருள் வாங்கவேண்டும். சிதாங்கா லாப்பா பஞ்சகாலத்துக்கும் இல்லாதவருக்கும். சாவி மூத்த பெண்ணிடம் இருக்கும். இதை வைத்துச் சிலர் இம்முறையைப் பெண்ணாட்சி என்று எழுதிவிடுகிறார்கள், அது மிகை. மன்றத்தில் உட்கார்ந்து வழக்குப் பேசுவதும், நிலப் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போடுவதும் அவளுடைய அண்ணன் தம்பியோ மாமனோதான்.

பல தலைமுறையாக இறங்கிவந்த நிலமும் வீடும் ‘பூசாகோ திங்கி’, உயர் பூர்வீகம். கணவனும் மனைவியும் சேர்ந்து சம்பாதித்ததும், ஒருவர் தனியாகத் தேடியதும் வேறு கணக்கு. உயர் பூர்வீகத்தை விற்கக்கூடாது, பாகம் பிரிக்கவும் கூடாது. இன்ன வயல் இன்னவளுக்கு என்று ஒதுக்கிக் கொடுப்பார்கள். அவள் உழலாம், வாரத்துக்கு விடலாம், விளைச்சலை எடுத்துக்கொள்ளலாம். மண் குலத்துடையது.

நெருக்கடிக்கு ஒரே வாசல் ஒத்தி. வட்டிக்குப் பதில் கடன் கொடுத்தவர் வயலைப் பயிரிட்டு அனுபவிப்பார். வாங்கிய பொன்னைத் திருப்பினால் வயல் திரும்பிவரும். அதற்கும் நான்கே காரணங்களை வழக்கு ஒப்பும்: வீட்டில் பிணம் கிடந்து எடுக்க வழியில்லாதபோது, வயதுவந்த பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாதபோது, பெரிய வீடு ஒழுகும்போது, தலைவன் இறந்து பட்டம் ஏற்க ஆள் இருந்தும் விழாச் செலவுக்கு இல்லாதபோது. குடும்பத்தார் எல்லாரும் சம்மதிக்கவேண்டும். மகனின் வியாபாரத்துக்கு முதல் என்பது இப்பட்டியலில் இல்லை. ஒத்தித் தொகையைப் பொன் எடையில் பேசுவது வழக்கம். காசின் மதிப்பு சரிந்தாலும் கணக்கு சரியாது. முப்பது வருடம் கழித்துப் பேத்தி மீட்க வந்தாலும் அதே எடைதான்.

இம்முறை எப்போது தொடங்கியது என்பதற்குப் பதிலாகக் கதைகளே உண்டு. டத்துக் கத்துமங்குங்கான், டத்துக் பெர்பாத்திக் நான் செபாத்தாங் என்ற ஒரு தாய் மக்கள் இருவர் வழக்கை வகுத்ததாகச் சொல்வார்கள். எழுத்துச் சான்று 14ஆம் நூற்றாண்டில் அரசன் ஆதித்யவர்மன் காலத்தில் கிடைக்கத் தொடங்குகிறது. தானா டாத்தாரில் சூருவாசோ அருகே பண்டார் பாப்பாகாட் கல்வெட்டு நீர்ப்பாசன வாய்க்காலைப் பற்றியது. அதன் ஒரு பகுதி தென்னிந்தியக் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. நெல்வயலே இந்நாட்டின் முதல் சொத்து என்பதற்கு அந்தப் பாறை போதும்.

முதல் பெருஞ்சோதனை 1803 வாக்கில் வந்தது. மக்காவிலிருந்து திரும்பிய மூன்று ஹாஜிகள் சேவற்சண்டை, சூதாட்டம், கள் ஆகியவற்றோடு ஊர் வழக்கையும் எதிர்த்தார்கள். ‘பாத்ரி’ இயக்கம் எனப்படும் அது உள்நாட்டுப் போராக முற்றியது. வழக்குத் தலைவர்கள் 1821இல் டச்சுக்காரரைத் துணைக்கு அழைத்தார்கள், வந்தவர்கள் போகவில்லை. இயக்கத்தின் பெருந்தலைவர் இமாம் போன்ஜோல் போரின் நடுவே மனம் மாறி, கொள்ளைப் பொருளைத் திருப்பிக் கொடுத்து, வழக்குத் தலைவர்களோடு இணங்கிப்போனதை அவருடைய நினைவுக் குறிப்பு சொல்கிறது. 1837இல் போன்ஜோல் கோட்டை வீழ்ந்தது. அவர் நாடுகடத்தப்பட்டு 1864இல் மனாடோ அருகே இறந்தார். வழக்கு மார்க்கத்தின்மேல் நிற்கிறது, மார்க்கம் வேதத்தின்மேல் நிற்கிறது என்று இன்றும் ஊர்தோறும் சொல்லும் வாசகம் இந்த இணக்கத்தின் பிள்ளை. வயல் மகளிடமே தங்கியது.

நேரடி வரி போடமாட்டோம் என்று 1833இல் டச்சு அரசு வாக்களித்திருந்தது. வரிக்குப் பதிலாக 1847இல் காப்பி வந்தது: குடும்பங்கள் காப்பி பயிரிட்டு, அரசு சொல்லும் விலைக்கு அரசுக் கிடங்கில் கொடுத்தாகவேண்டும். கொட்டை கிடங்குக்குப் போக, ஊரார் காப்பி இலையைப் புகையில் வாட்டிக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். ‘ஆயியா காவா’ எனும் அந்தப் பானம் இப்போதும் தானா டாத்தார் சாலையோரக் கடைகளில் தேங்காய்ச் சிரட்டையில் கிடைக்கும். காப்பி சொத்து முறையிலும் கைவைத்தது. அது வயலில் வளராது. புதிதாகத் திருத்திய மேட்டில் வளரும். வயல் பெண்வழியினரின் பூர்வீகம், மேட்டுத் தோட்டமோ உழைத்தவனின் தேட்டம். தகப்பன் தன் பிள்ளைகளுக்கென்று விட்டுப்போகக் கையில் ஏதோ இருந்தது. 1908இல் கட்டாயக் காப்பியை எடுத்துவிட்டு வரி போட்டார்கள். வாக்கு மீறப்பட்டதென்று அவ்வாண்டு ஜூனில் காமாங், மாங்கோப்போ என்ற ஊர்கள் கிளர்ந்தன. மாங்கோப்போவில் முன்னின்றவர்களில் சித்தி என்ற பெண்ணை நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

அதே தலைமுறையில் மக்காவிலிருந்து இன்னொரு தாக்குதல். மக்கா பெரிய பள்ளிவாசலில் ஷாஃபிஈ பிரிவின் இமாமாயிருந்த அகமது காத்திப் (1860–1916) மினாங்கபாவுக்காரர். மருமக்கள்வழிச் சொத்து அநாதைகளின் பங்கை அபகரித்தது, அதை உண்பது ஹராம் என்று எழுதினார். அவருடைய மாணவர் ஹாஜி ரசூல் ஊரில் இருந்தவர், ஆகவே நடக்கக்கூடியதைச் சொன்னார்: உயர் பூர்வீகம் யாருடைய தனிச் சொத்தும் அன்று, வக்ஃப் போன்றது. தனிச் சொத்தாக இல்லாததற்கு வாரிசுப் பங்கு ஏது? மார்க்க அறிஞர் ஒருவர் தம் ஊருக்காகக் கண்டுபிடித்த தீர்வுகளில் இது மிகக் கெட்டிக்காரத்தனமானது என்றே சொல்லவேண்டும். அவர் மகன் ஹம்கா மறுபக்கத்தை எழுதினார். 1938இல் வந்த அவருடைய ‘வான் டெர் வைக் கப்பல் மூழ்கியது’ நாவலில், நிலத்தை ஒத்திவைக்க விடாத மாமனைக் கொன்றுவிட்டு நாடுகடத்தப்பட்டவனின் மகன் தகப்பன் ஊருக்கு வருகிறான். தாய் வேற்றினத்தாள் ஆகையால் அங்கே அவனுக்குக் குலமும் இல்லை, வீடும் இல்லை.

ஹாஜி ரசூல் காட்டிய வழியே கடைசியில் ஊர் ஏற்ற வழி. 1952 மே மாதம் புக்கிட்டிங்கியில் குலத் தலைவர்களும் உலமாக்களும் படித்தவர்களும் கூடி முடிவுசெய்தார்கள்: பூர்வீகம் வழக்கின்படி, தேட்டம் மார்க்கச் சட்டப்படி. 1968இல் பாடாங் நகரில் நடந்த கருத்தரங்கு அதை உறுதிசெய்தது.

பிறகு வந்த சோதனைகள் ஜகார்த்தாவிலிருந்து. 1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம் சமூக நிலவுரிமையை ஒரு பிரிவில் ஏற்றுக்கொண்டு, மற்றப் பிரிவுகளில் தனிப்பட்டாவுக்கு வழிதிறந்தது. அவ்வாண்டே வந்த இன்னொரு சட்டம், ஒத்தி ஏழு ஆண்டைத் தாண்டினால் பணம் வாங்காமலே நிலத்தைத் திருப்பவேண்டும் என்றது. ஏழைக்கு நல்லது செய்ய வந்த சட்டம்தான். ஆனால் ஒத்திக்காரரும் உறவினராகவே இருக்கும் ஊரில், வாங்கிய பொன்னைக் கொடுக்காமல் வயலைக் கேட்பது மானக்கேடு. பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை.

1979ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் ஜாவாவின் ‘தேசா’ என்னும் ஊர் அமைப்பை நாடு முழுவதற்கும் அச்சாக்கியது. 1983இல் மேற்குச் சுமத்திராவின் 543 நாகரிகள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட தேசாக்களாக உடைந்தன. அரசு மானியம் தேசாவுக்கு இவ்வளவு என்று வந்ததால், உடைத்தால் லாபம் என்ற கணக்கும் அதில் உண்டு. ஒரே குலத்தின் வயலும் காடும் மூன்று நான்கு தேசாத் தலைவர்களின் எல்லைக்குள் சிதறின. அதிபர் சுகார்த்தோ வீழ்ந்தபின் 2000ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம் நாகரியைத் திரும்பக் கொண்டுவந்தது. இதற்கிடையில் பாசாமான் பக்கம் ஊர்ப் பொது நிலங்கள் செம்பனைத் தோட்டங்களுக்குப் போயிருந்தன. குத்தகை முடிந்தால் நிலம் தமக்கே வரும் என்று தலைவர்கள் எண்ணிக் கொடுத்தார்கள். சட்டப்படி அது அரசுக்குப் போகும். பழங்குடிக் காடு அரசுக் காடு ஆகாது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. செம்பனை வழக்குகள் ஓயவில்லை.

இன்று பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. ‘மரந்தாவ்’ என்று பிழைப்புக்கு வெளியூர் போவது இம்மக்களின் பழைய வழக்கம். இந்தோனேசியா முழுவதுமுள்ள பாடாங் சோற்றுக்கடைகள் அதற்குச் சாட்சி. ஊரிலும் கணவன் மனைவி பிள்ளைகள் சிறு வீடு கட்டித் தனியே இருப்பதே பெருவழக்கு. வயல் வாரத்தில் ஓடுகிறது, பூர்வீகம் பூர்வீகமாகவே இருக்கிறது. கடல் கடந்து குடியேறியவர்கள் மலேசியாவின் நெகிரி செம்பிலானுக்கு எடுத்துப்போன இதே வழக்கு, 1909ஆம் ஆண்டின் சட்டத்தால் அங்கே பட்டாவிலேயே பதிவாகிறது. மேற்குச் சுமத்திராவிலோ பட்டா கேட்டுப் போகும் குடும்பம் ‘ராஞ்சி’ என்னும் வம்சாவளித் தாளைக் குலத் தலைவரின் கையெழுத்தோடு கொண்டுபோகவேண்டும். அத்தாளில் முதல் பெயர் மூதாட்டி ஒருத்தியுடையது. மகள்களின் பிள்ளைகள் எல்லாரும் அதில் இருப்பார்கள். மகன்களின் பெயர் இருக்கும், அவர்களுடைய பிள்ளைகளின் பெயர் இருக்காது.