பிரவுனிங் ஆட்டோ-5: முன்பிடி விரிசலின் வரலாறு

பிரவுனிங் ஆட்டோ-5 என்பது பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டு வெற்றிபெற்ற முதல் அரைத் தானியங்கி ஷாட்கன் ஆகும். இதை வடிவமைத்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் ஆக்டன் நகரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரவுனிங் (1855–1926). குழலுக்கு அடியில் இடக்கை பற்றும் மரப்பகுதி முன்பிடி எனப்படும். இத்துப்பாக்கியில் அடிக்கடி விரிசல் காணும் பகுதி அதுவே.

தோற்றம்

பிரவுனிங் இதன் வடிவமைப்பை 1898இல் உருவாக்கி, 1900இல் காப்புரிமை பெற்றார். விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிமத்தொகை வேண்டும் என்று அவர் கேட்டதை வின்செஸ்டர் நிறுவனம் ஏற்கவில்லை. அடுத்து ரெமிங்டன் நிறுவனத்தை நாடினார். அதன் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லி 1902 ஜனவரியில் திடீரென இறந்ததால் அம்முயற்சியும் தடைபட்டது. அதே ஆண்டு பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரிலிருந்த எஃப்.என். நிறுவனத்துடன் பிரவுனிங் ஒப்பந்தம் செய்துகொண்டார். பின்னர் ரெமிங்டனும் உரிமம் பெற்று, 1905 முதல் 1947 வரை இதே அமைப்பைத் தயாரித்தது. 1970களில் உற்பத்தி ஜப்பானின் மிரோக்கு நிறுவனத்துக்கு மாறியது.

இயங்குமுறை

சுடும்போது குழலும் அதன் பின்னுள்ள அடைப்பானும் ஒன்றாகப் பின்னோக்கி நகர்கின்றன. குழலின் அடியில் உள்ள தோட்டாக் குழாயைச் சுற்றி ஒரு சுருள்வில் இருக்கும். அது குழலை மீண்டும் முன்னே தள்ளும். வில்லுக்கு முன்னால் உள்ள வெண்கல உராய்வுத் துண்டு, தோட்டாக் குழாயை இறுகப் பற்றி வேகத்தைக் குறைக்கும். இவற்றோடு சரிவான விளிம்புள்ள எஃகு வளையம் ஒன்றும் உண்டு. இவை அனைத்தும் முன்பிடிக்குள் மறைந்திருக்கின்றன. எனவே அம்மரம் உட்புறம் குடையப்பட்டு, பக்கச் சுவர்கள் மெலிந்திருக்கும்.

விரிசலின் காரணம்

வீரியமான தோட்டாக்களுக்கு எஃகு வளையத்தை வில்லுக்கும் வெண்கலத் துண்டுக்கும் இடையில் வைக்க வேண்டும். அப்போது சரிவான விளிம்பு வெண்கலத் துண்டை நெருக்கும், உராய்வு கூடும். இலேசான தோட்டாக்களுக்கு வளையம் வில்லின் பின்பக்கம் செல்லும். இலேசான அமைப்பிலேயே வீரியமான தோட்டாக்களைச் சுட்டால் குழல் தடையின்றிப் பின்னே வந்து மோதும். அந்த அதிர்ச்சியை மெல்லிய மரம் தாங்காமல் இழையோட்டத்தில் பிளக்கும். தேய்ந்த வில்லும், முன்பிடியை ஆட விடும் தளர்ந்த முன்மூடியும் இதே கேட்டை விளைவிக்கும்.

எண்ணெய் மிகுந்தால் தீங்கு இரண்டு. தோட்டாக் குழாயில் உராய்வு குறைந்து மோதல் கூடும். மரத்தில் ஊறிய எண்ணெய் நாளடைவில் இழைகளை நலிவடையச் செய்யும்.

பழுது நீக்கும் முறை

முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்து, முன்பிடியைக் கழற்ற வேண்டும். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. எனவே அசிட்டோன் கொண்டு விரிசலைப் பலமுறை கழுவி உலர்த்துவர். முற்காலத்தில் தச்சர்கள் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையைப் பயன்படுத்தினர். அது ஈரத்தில் இளகும். 1940களில் சந்தைக்கு வந்த எபாக்சி பசை ஈரத்தையும் அதிர்ச்சியையும் நன்கு தாங்கும்.

விரிசலை மெல்ல விரித்து, பசையை அடிவரை செலுத்தி, ரப்பர் பட்டையால் சுற்றி இறுக்கிக் காயவிட வேண்டும். ஆப்பு அடித்து விரித்தால் பிளவு நீளும். உட்புறத்தில் கண்ணாடி இழைத் துணியை எபாக்சியில் தோய்த்து ஒட்டினால் வலு கூடும். ஆனால் நகரும் பாகங்களில் அது உரசக் கூடாது.

பழுதின் பாடம்

மரத்தை மட்டும் ஒட்டி, வளையத்தைப் பழைய இடத்திலேயே விட்டால் ஒட்டிய இடமோ அதன் அருகிலோ மீண்டும் பிளக்கும். புதிய முன்பிடி வாங்கினாலும் கதி அதுவே. ஆகவே வளையத்தின் இடம், வில்லின் நிலை, முன்மூடியின் இறுக்கம் ஆகியவற்றைச் சரிபார்ப்பதே பழுது நீக்கத்தின் முதற்படி. ஆட்டோ-5 உற்பத்தி 1998 அளவில் நிறைவுற்றது. பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்போர் மூல மரத்தையே பெரிதும் மதிப்பதால், இச்சிறு வளையத்தைச் சரியாக வைப்பது இன்றும் முக்கியமானதாக உள்ளது.