தகரக் கூரைக்குள் ஐந்து வகுப்புகள்

வலப்பனைப் பிரதேசத்தின் இராகலை, ஹைபொரஸ்ட் பக்கம் இன்று அரசாங்கத் தமிழ் வித்தியாலயங்கள் இருக்கின்றன. மலையகத்தில் இப்படியான பாடசாலைகள் பலவற்றின் பிறப்பிடம், தோட்ட நிர்வாகம் ஒதுக்கிக் கொடுத்த ஓர் ஒற்றை அறை.

அந்த அறைக்கு முன்பே படிப்பு லயத்துக்கு வந்துவிட்டது. நாலெழுத்து தெரிந்த ஒருவர், வேலை முடிந்த இரவில் விளக்கைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனும் தோட்டங்களில் சில பள்ளிகளை நடத்தியது. 1907இன் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம்தான் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் மேல் வைத்தது. சட்டத்துக்காகக் கட்டியதால், பல தோட்டங்களில் பள்ளி பெயருக்கு ஒரு கொட்டகையாகவே நின்றது.

அதைப் பள்ளிக்கூடமாக்கியவர் மாஸ்டர். ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவரே. கரும்பலகையைக் கோடிழுத்துப் பிரித்து, ஒரு பக்கம் பெரிய வகுப்புக்குக் கணக்கு எழுதிவிட்டு, மறுபக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு 'அ'னா, 'ஆ'வன்னா. ஐந்தாம் வகுப்புக்காரன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைப்பான். தகரத்தில் மழை கொட்டினால் குரல் எடுபடாது. வாய்ப்பாடு நிற்கும், சிலேட்டு வெளியே வரும். மாலையில் இந்தியாவிலிருக்கும் உறவுகளுக்குக் கடிதம் எழுதித்தரச் சொல்லித் தொழிலாளர்கள் அவரிடமே வருவார்கள்.

கொழுந்து அதிகமாகும் மாதங்களில் வரவு குறையும். அரைப்பேர் (அரைக்கூலி) போட்டு வேலைக்குப் போகும் வயது வந்ததும் சிலேட்டை மூலையில் வைத்தவர்கள் ஏராளம். தாய் மலைக்குப் போனதால், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்ட பெண்பிள்ளைகளும் பலர்.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகளோ நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. 1948இன் குடியுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவர்களாக்கியது; வாக்குக் கேட்டு வந்து பிள்ளைகளுக்காகப் பேசுபவரும் இல்லாமல் போனார். 1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் இவை வெளியே விடப்பட்டன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் பள்ளிகள் கட்டங்கட்டமாக அரசின் கைக்கு வந்தன. கொழும்புப் பிள்ளைக்கு 1945இல் கிடைத்த உரிமைக்காகத் தோட்டத்துப் பிள்ளை முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தது. இது பெரும் அநீதி. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறையே ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது.

பிறகு வேகம் பிடித்தது. சுவீடன், ஜெர்மனி நாடுகளின் உதவியில் புதிய கட்டடங்கள் எழுந்தன. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகத்துக்கான ஆசிரியர்களைப் பயிற்றத் தொடங்கியது. லயத்தில் பிறந்தவர்கள் ஆசிரியர்களாகத் தோட்டப் பள்ளிகளுக்கே திரும்பினார்கள். ஆனால் 2015இல் மலையகப் பாடசாலைகளுக்கு எடுக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்களுக்கு ஆரம்பத்தில் கிடைத்த மாதக் கொடுப்பனவு வெறும் 6,000 ரூபா. உயர்தரம் படித்த மகளுக்கு வேலை கிடைத்தும், பஸ் செலவுக்குக் கொழுந்து பறிக்கும் தாயிடமே கைநீட்ட வைத்த தொகை அது. அவர்கள் சம்பளத்துக்காக நடத்திய போராட்டம் அடுத்த வாரம்.

(தொடரும்)